குளியலறையை உடைப்பதற்கு முன்னும் பின்னும்: புதுப்பிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் குளியலறையை முதல்முறை மாற்றிக் கட்டியபோது டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டோம். தரை வாட்டத்தைப் பற்றி, அதாவது தண்ணீர் வடிகாலுக்கு ஓடும்படி தரைக்குக் கொடுக்கும் சரிவைப் பற்றி, மேஸ்திரியிடம் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார், நானும் சரி என்றேன். வேலை முடிந்த அன்று வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் காலை முதல் ஆள் குளித்து முடித்தபோது தண்ணீர் வடிகால் பக்கம் போகாமல் கதவைப் பார்த்து வந்தது. அதற்கப்புறம் ஆறு வருடம், குளித்தவர் ஒவ்வொருவரும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த டைல்ஸ் என்ன நிறம் என்று கேட்டால் இப்போது யோசித்துத்தான் சொல்வேன். வைப்பரின் கைப்பிடி நிறம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாம் முறை உடைத்தபோது வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு முதலில் நேரமும் பணமும், டைல்ஸுக்குக் கடைசியில். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன்.

படி 1: ஒரு வாரம் குறைகளை எழுதுங்கள்

ஒரு தாளையும் பேனாவையும் குளியலறைக் கதவுக்கு வெளியே தொங்கவிடுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோரும், குழந்தைகள் உட்பட, எரிச்சல் வந்த கையோடு எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: நடந்ததை எழுத வேண்டும், தீர்வை எழுதக் கூடாது. "பெரிய குளியலறை வேண்டும்" என்ற வரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "முகம் கழுவும்போது முழங்கை சுவரில் இடிக்கிறது" என்று எழுதினால், வாஷ்பேசினை 10 சென்டிமீட்டர் நகர்த்தினாலே போதும் என்று தெரிந்துவிடும்.

1960-களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிரா என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் இதைப் பெரிய ஆய்வாகவே செய்தார். கை கழுவ, குளிக்க, உட்கார்ந்து எழ நம் உடம்பு எப்படியெல்லாம் வளைகிறது, கை எதுவரை போகிறது என்று ஆராய்ந்தார். கடைகளில் கிடைத்த சாதனங்கள் பலவும் உடம்பின் அசைவைக் கணக்கில் எடுக்காமலே செய்யப்பட்டவை என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. நம் வீட்டுத் தாளும் சின்ன அளவில் அதே வேலையைத்தான் செய்கிறது.

வாரம் முடிந்ததும் வரிகளைப் பிரித்துப் பாருங்கள். தண்ணீர் சம்பந்தப்பட்டவை ஒரு பக்கம்: தேங்குவது, கசிவது, மெதுவாக வடிவது, ஷவரில் வேகம் இல்லாதது. காற்றும் ஈரமும் இன்னொரு பக்கம்: நாற்றம், கறுப்புப் பூஞ்சை, காயாத துண்டு. இடிப்பது, எட்டாதது, வழுக்குவது, வெளிச்சம் முகத்தில் விழாதது எல்லாம் மூன்றாவது. பார்க்க நன்றாக இல்லை என்பது கடைசி. எங்கள் தாளில் கடைசிப் பிரிவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. முதல்முறை அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று வாரம் கடை கடையாக அலைந்திருக்கிறோம்.

படி 2: நோயைக் கண்டுபிடியுங்கள்

குறை தெரிந்தால் காரணமும் தெரிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. இந்தச் சோதனைகளுக்குச் செலவே இல்லை.

தரை வாட்டம் பார்க்க ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கெல்லாம் தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். அப்புறம் டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொக்கென்று கேட்டால் அடியில் கலவை பிடிக்காமல் வெற்றிடம் இருக்கிறது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தரையில் பாதிக்கு மேல் பொக்கென்று கேட்டால் உடைக்கத்தான் வேண்டியிருக்கும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை அதன் வாயில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. விழுந்தால் அது சத்தம் போடும் அலங்காரப் பொருள். கதவை மூடியும் ஒருமுறை, திறந்தும் ஒருமுறை பாருங்கள். திறந்தால் ஒட்டுகிறது, மூடினால் விழுகிறது என்றால் ஃபேனில் குறை இல்லை. உள்ளே காற்று வர வழியில்லை.

கமோடின் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் வந்துவிட்டால் உள்ளே வால்வு கசிகிறது. சத்தமே இல்லாமல் இரவும் பகலும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும் கசிவு இது.

நாற்றம் என்றால் முதலில் தரை வடிகாலின் ட்ராப்பைப் பாருங்கள். வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்க வேண்டும். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1775-ல் இந்த வளைவோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் கமோடுக்கு உள்ளே இருப்பது அதே யோசனைதான். பொதுவாக 50 மி.மீ. ஆழத்துக்கு நீர்த்தடை வேண்டும். பயன்படுத்தாத குளியலறையில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போவதால்தான் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வீடு நாறுகிறது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். ஃப்ளஷ் செய்யும்போது பக்கத்து வடிகாலில் களகளவென்று சத்தம் வந்தால் கதை வேறு: காற்றுக்குழாய் இல்லை அல்லது அடைத்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் ட்ராப் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது.

கடைசியாக, குளியலறைக்கு மறுபக்கச் சுவரையும் கீழ்த்தளத்து மேற்கூரையையும் பாருங்கள். ஓதம் பூத்திருந்தால் குளித்த நாள், குளிக்காத நாள் என்று இரண்டு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். யாரும் குளிக்காதபோதும் ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. குளித்தால் மட்டும் ஏறினால் தரை அல்லது வடிகால்.

படி 3: உடைக்கத்தான் வேண்டுமா?

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு மகிழ்ச்சியான ஏமாற்றம் காத்திருக்கும். தாளில் இருக்கும் குறைகளில் பாதிக்கும் மேல் உடைக்காமலே தீர்ந்துவிடலாம். டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் கறுத்துப்போயிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பலாம். மூலைகளில் சிலிக்கான் மாற்றலாம். ஃபேன், விளக்கு, ஷவர் தலை, ஃப்ளஷ் வால்வு, கொக்கிகள், கதவின் திறப்புத் திசை, இவை எல்லாமே ஒரு நாள் வேலைகள்.

உடைத்தே ஆக வேண்டியவை ஐந்துதான்: வாட்டம் தவறிய தரை, பாதிக்கு மேல் பொக்கென்று கேட்கும் தரை, டைல்ஸுக்கு அடியில் நீர்த்தடுப்புப் படலம் இல்லாத அல்லது கிழிந்த தரை, சுவருக்குள் கசியும் குழாய், இடம் மாற வேண்டிய வடிகால். இந்த ஐந்தில் எதுவுமே இல்லை என்றால் என் யோசனை, சுத்தியலை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் என்பதுதான். சின்ன வேலைகளை முடித்துவிட்டு இன்னொரு வாரம் தாளைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

ஷவர் வேகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டிக்குக் கீழேயே இருக்கும் மாடிக் குளியலறையில் 2 அல்லது 3 மீட்டர்தான் இருக்கும், அதாவது 0.2 அல்லது 0.3 பார். அகலமான மழை ஷவர் எதை மாட்டினாலும் அங்கே சொட்டத்தான் செய்யும். அழுத்த பம்ப் வைக்கலாம், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவரை வாங்கலாம்.

படி 4: தரையில் வரைந்து பாருங்கள்

காகிதத்தில் வரைந்த படத்தில் எல்லாமே அடங்கிவிடும். அதனால் வேறு ஓர் அறையின் தரையில் குளியலறையின் உண்மையான அளவை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, கமோடுக்கு ஒரு நாற்காலி, பேசினுக்கு ஒரு மேஜை வைத்து உட்கார்ந்து, எழுந்து, குனிந்து பாருங்கள். கேலி செய்வார்கள், பரவாயில்லை.

நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் சில. கமோடின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கச் சுவருக்கும் குறைந்தது 38 செ.மீ. வேண்டும், 45 இருந்தால் நிம்மதி. அதற்கு முன்னால் குறைந்தது 53 செ.மீ., முடிந்தால் 75. பேசினின் விளிம்பு தரையிலிருந்து 80 முதல் 86 செ.மீ. உயரம் என்பது வழக்கம். வீட்டில் எல்லோரும் உயரமானவர்கள் என்றால் 90 வரை ஏற்றலாம், முதுகு நன்றி சொல்லும். சாதாரணக் கமோடின் இருக்கை உயரம் 38 செ.மீ. போல இருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 43 முதல் 48 செ.மீ. உயரமுள்ளவை தனியாகக் கிடைக்கின்றன.

கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் உள்ளே இடம் மிச்சமாகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: உள்ளே யாராவது மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். சக்கர நாற்காலி போக வேண்டும் என்றால் கதவைத் திறந்தபின் 81 செ.மீ. தெளிவான அகலம் வேண்டும், உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். இன்று தேவையில்லை என்றாலும் கதவு அகலத்தையாவது இப்போதே கொடுத்துவிடுங்கள். அப்புறம் சுவரை உடைத்துக் கதவை அகலப்படுத்துவது பெரிய வேலை.

கமோடை இடம் மாற்றும் ஆசை வந்தால் ஒரு கணக்குப் போடுங்கள். அதன் கழிவுக்குழாய் 100 மி.மீ. விட்டம். மீட்டருக்கு 12 முதல் 25 மி.மீ. வரை அதற்குச் சரிவு வேண்டும். இரண்டு மீட்டர் நகர்த்தினால் குழாயின் விட்டம், சரிவு, மேல்கலவை எல்லாம் சேர்ந்து தரை ஒரு படி உயர்ந்துவிடும். குளியலறைக்குள் படி ஏறிப் போவது சின்ன வயதில் தெரியாது. அதனால் கமோடை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு பேசினையும் ஷவரையும் நகர்த்துவதுதான் பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

படி 5: பணமும் எழுத்தும்

மொத்த மதிப்பீட்டில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியாக எடுத்துவையுங்கள், பழைய வீடென்றால் 20-தான். உடைத்தபின் என்ன வெளிவரும் என்று யாருக்கும் தெரியாது.

கமோடு, சுடுதண்ணீரையும் குளிர்ந்த தண்ணீரையும் கலந்து தரும் ஷவர் மிக்ஸர், தரை வடிகால் ஆகியவற்றை உடைப்பதற்கு முன்பே வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். கமோடின் கழிவுத்துளை பின்சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். 9 அங்குலம், 12 அங்குலம் இரண்டும் பரவலாக உண்டு. குழாயை ஒரு தூரத்தில் போட்டுவிட்டு இன்னொரு தூரத்துக்கான கமோடை வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவு எடுக்கும்போது டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து எடுக்க வேண்டும். வெறும் செங்கல் சுவரிலிருந்து எடுத்தால் பூச்சும் டைல்ஸும் சேர்ந்து மூன்று, நான்கு சென்டிமீட்டரை விழுங்கிவிடும்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளாவது எழுத்தில் இருக்கட்டும்: குழாய்க்கு அழுத்தச் சோதனை செய்த பின்தான் பூச்சு, தண்ணீர் நிறுத்திப் பார்த்த பின்தான் டைல்ஸ், ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்த பின்தான் கடைசித் தவணை.

படி 6: உடைப்பு

இது சீக்கிரம் முடிகிற வேலை. முதலில் தண்ணீர் வால்வை மூடுங்கள், மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். எல்லா வடிகால் வாய்களையும் துணி திணித்து மேலே டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி சிமென்ட் உடைசல் உள்ளே விழுந்தால் ஆறு மாதம் கழித்து அடைப்பாகத் திரும்பி வரும். பழைய கட்டடங்களில் சிமென்ட் ஷீட், பழைய குழாய், வினைல் தரை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் அதைக் கையாளத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

படி 7: குழாயும் மின்கம்பியும்

காடி வெட்டிக் குழாய் பதித்தபின் பூசிவிடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். அங்கேதான் நிற்க வேண்டும். எல்லா வாய்களையும் மூடிவிட்டு, கை பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானியின் முள் சில மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பசையால் ஒட்டும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் என்றால் பசை காய நேரம் கொடுத்த பிறகுதான் இந்தச் சோதனை. பி.பி.ஆர். என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் குழாய் என்றால் சூட்டில் உருக்கி ஒட்டுவது, அதற்குக் கொஞ்சம் ஆறினாலே போதும்.

முள் அசையவில்லை என்றானதும் போனை எடுத்து நான்கு சுவர்களையும் படம் பிடியுங்கள். அளவு நாடாவைச் சுவரில் விரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால், நாளை ஆணி அடிக்கும்போது குழாய் எத்தனையாவது சென்டிமீட்டரில் போகிறது என்று தெரியும். இந்த முழுக் கட்டுரையில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

குளியலறைக்கென்று தனி அடைப்பு வால்வு ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஷவர் மிக்ஸரின் பிடி 1 முதல் 1.1 மீட்டர் உயரத்தில், ஷவர் தலைக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்தால், நனையாமலே தண்ணீரைத் திறந்து சூடு பார்க்கலாம். அந்தச் சின்ன விலகல்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மிகவும் பிடித்த மாற்றம் என்றால் நம்புவீர்களா?

சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள ஹீட்டர் என்றால் 60 டிகிரியில் வைப்பது நல்லது. அதற்குக் கீழே 20 முதல் 45 டிகிரி வரை, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா செழித்து வளரும். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் நேராக உடம்பில் பட்டால் சில நொடிகளில் வெந்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் தெர்மோஸ்டாட் மிக்ஸர் ஒன்று போட்டு, வெளிவரும் தண்ணீரை 40 டிகிரிச் சுற்றில் நிறுத்துவது நியாயமான செலவு.

மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற பாதுகாப்புக் கருவி இல்லாத குளியலறையில் எதையுமே மாட்டாதீர்கள். ஷவர், குளியல் தொட்டி விளிம்பிலிருந்து 60 செ.மீ. தூரத்துக்குள் வரும் விளக்கோ ஃபேனோ, தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ் 4 தரமாவது இருக்க வேண்டும். பிளக் பாயின்ட்டை எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சுவர் திறந்திருக்கும்போதே கைப்பிடிக் கம்பிக்கான அடித்தளத்தையும் போட்டுவிடுங்கள். பலகைச் சுவர் என்றால் உள்ளே கனமான கட்டை, செங்கல் சுவர் என்றால் அந்த இடத்தில் உள்ளே துளையுள்ள கல் வராமல் கெட்டியான கலவை. கம்பி 84 முதல் 91 செ.மீ. உயரத்தில் வரும், ஆள் முழு எடையோடு தொங்கினாலும் தாங்க வேண்டும். கம்பியை இப்போதே மாட்ட வேண்டும் என்றில்லை. இடத்தை மட்டும் தயார் செய்து வையுங்கள்.

படி 8: வாட்டமும் நீர்த்தடுப்பும்

இனி நிதானமாகப் போவோம், ஏனென்றால் என் வைப்பர் கதை இங்கேதான் தொடங்கியது.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றிவிட வேண்டும். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். டைல்ஸ் தடுக்கலாம், ஆனால் டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் கிரவுட் தண்ணீரைக் குடிக்கும். ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுத்து வடிகாலுக்கு அனுப்புவது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் படலத்தின் வேலை. கலவையில் ஊற்றும் வாட்டர்ப்ரூஃப் திரவம் கலவையை அடர்த்தியாக்கும், அவ்வளவுதான். தளத்தில் மயிரிழை விரிசல் வந்தால் அதுவும் சேர்ந்து விரியும். படலம் என்பது ரப்பர்போல நீளக்கூடிய தனிப் பூச்சு.

வாட்டத்துக்கு வருவோம். குளிக்கும் பகுதியில் 80-க்கு 1 முதல் 60-க்கு 1 வரை சரிவு என்பது நல்ல அளவு. மீட்டருக்கு 12.5 முதல் 17 மி.மீ. அதற்கு மேல் போனால் நிற்கும்போது காலுக்குத் தெரியும், குறைந்தால் தண்ணீர் சோம்பிப்போகும். கதவிலிருந்து வடிகால் 2.4 மீட்டர் தூரம் என்று வையுங்கள். 60-க்கு 1 என்றால் கதவோரத் தரை வடிகாலைவிட 40 மி.மீ. உயரமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பசையும் டைல்ஸும் 15 முதல் 20 மி.மீ. இவ்வளவும் சேர்ந்தும் குளியலறைத் தரை வெளியறைத் தரையைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும். இந்தக் கணக்கை உடைத்த அன்றே சுவரில் பென்சிலால் எழுதிவிடுங்கள். நாங்கள் முதல்முறை இதைப் போடவே இல்லை. கதவோரம் உயரம் போதாமல் மேஸ்திரி தரையைச் சமமாக இழுத்துவிட்டார். பாவம், அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

வரிசை இப்படி: முதலில் கலவையால் வாட்டம், அது நன்றாக இறுகியபின் அதன் மேல் படலம், அதன் மேல் டைல்ஸ். படலத்தைச் சமதளத்தில் பூசிவிட்டு அதற்கு மேல் வாட்டம் கொடுப்பவர்களும் உண்டு. அப்போது இறங்கிய தண்ணீர் படலத்தின் மேல் தேங்கிக் கலவையிலேயே ஊறிக்கொண்டிருக்கும். நாட்பட்ட நாற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பூசும்போது கவனிக்க வேண்டியது நடுத்தரையைவிட ஓரங்களை. தரையும் சுவரும் சேரும் மூலையிலும், தரையைத் துளைத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் வலைத்துணி பதித்துப் பூச வேண்டும். வடிகால் வாயின் விளிம்புக்குள் படலம் இறங்கி முடிய வேண்டும். இரண்டு கோட்டாவது வேண்டும்: முதல் கோட் ஒரு திசையில், அது காய்ந்தபின் இரண்டாவது அதற்குக் குறுக்கே. ஷவர் இருக்கும் சுவர்களில் 1.8 மீட்டர் உயரம் வரை, மற்ற சுவர்களில் 15 செ.மீ.யாவது, என்னைக் கேட்டால் 30. கதவு நிலைக்குக் கீழேயும் ஓட விடுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் அதுதான், பக்கத்து அறைச் சுவரின் அடியில் பெயின்ட் உரிவதும் அதனால்தான்.

படலம் டப்பாவில் சொன்ன நாட்கள் காய்ந்தபின் தண்ணீர்ச் சோதனை. வடிகாலை ஊதுபந்தாலோ அடைப்பானாலோ மூடி, கதவோரம் சின்ன வரப்புக் கட்டி, மிக உயர்ந்த இடத்திலும் 25 மி.மீ. நிற்கும்படி தண்ணீர் நிரப்புங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள், 48 என்றால் இன்னும் நல்லது. கீழ்த்தளத்து மேற்கூரையையும் வெளிச்சுவரையும் இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். ஆவியாதலால் மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் குறையலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இந்த இரண்டு நாளை மிச்சப்படுத்தலாம் என்று யார் சொன்னாலும், எத்தனை வருட அனுபவம் உள்ளவர் சொன்னாலும், சம்மதிக்காதீர்கள்.

படி 9: டைல்ஸ்

சுவருக்கு எது வேண்டுமானாலும் ஒட்டுங்கள், பிடித்த நிறத்தில். தரைக்கு மட்டும் வழுக்கல் தரம் கேளுங்கள். ஆர் 9 முதல் ஆர் 13 வரை உள்ள அளவு காலணியோடு நடக்கும் தரைக்கானது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறொரு ஜெர்மன் அளவு உண்டு, ஷவர் பகுதிக்கு பி போதும். அந்தத் தகவல் கிடைக்காவிட்டால் கடையிலேயே ஒரு டைல்ஸைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள்.

அளவு பெரிதாகப் பெரிதாக வாட்டம் கொடுப்பது கஷ்டம். தரையின் நடுவில் வடிகால் இருந்தால் நான்கு பக்கமும் சரிய வேண்டும், பெரிய டைல்ஸ் அதற்கு வளையாது. சின்ன டைல்ஸ் ஒட்டுங்கள், இணைப்புகள் அதிகமாவதால் காலுக்குப் பிடிமானமும் கூடும். பெரிய டைல்ஸ்தான் வேண்டும் என்றால் சுவரோரம் நீளவாக்கு வடிகால் வைத்துத் தரை முழுவதையும் ஒரே திசையில் சரியுங்கள்.

பசையை நான்கு மூலையில் நான்கு உருண்டையாக வைத்து அழுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. பற்கள் உள்ள கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். இடையிடையே ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தால் பின்புறம் முழுக்கப் பசை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்த நாள் நாணயத்தால் தட்டிப் பாருங்கள்.

இணைப்பு 2 அல்லது 3 மி.மீ. விடட்டும். ஷவர் தரைக்கு எபாக்ஸி என்ற பிசினால் ஆன கிரவுட் போட்டால் அது தண்ணீர் குடிக்காது, கறையும் பிடிக்காது, ஆனால் பூசியவுடன் துடைக்கத் தெரிந்த கை வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையிலும் சுவரும் சுவரும் சேரும் மூலையிலும் கிரவுட் போடாதீர்கள். அங்கே இரண்டு பரப்புகளும் தனித்தனியாக அசையும், கிரவுட் வெடிக்கும். பூஞ்சை தடுக்கும் சிலிக்கான் போட்டு ஒரு நாள் நனையாமல் விடுங்கள்.

படி 10: காற்றும் வெளிச்சமும்

எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும் என்று தெரிய அறையின் கன அளவை எட்டால் பெருக்குங்கள். 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், உயரம் 2.5 என்றால் 7.5 கன மீட்டர். எட்டால் பெருக்கினால் மணிக்கு 60 கன மீட்டர். குழாயிலும் வலையிலும் இழப்பு இருப்பதால் 85 அல்லது 90 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் வாங்குங்கள். அதை ஷவர் பக்கமாக, கதவுக்கு எதிர்ப்புறம் வையுங்கள். கதவுக்கு அடியில் 15 முதல் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், காற்று வர வழி அதுதான். குளித்து முடித்தபின்னும் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். நாம் மறந்துவிடுவோம் என்பதால் டைமர் சுவிட்ச் நல்லது.

வெளிச்சத்தில் எல்லோரும் செய்யும் பிழை, மேற்கூரை நடுவில் ஒரே விளக்கு. கண்ணாடி முன் நின்றால் நம் நிழலே நம் முகத்தில் விழும். கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் ஒவ்வொரு விளக்கு வையுங்கள், 4000 கெல்வின் என்று போட்டிருக்கும் நடுத்தர வெள்ளை வெளிச்சம் முகச்சவரத்துக்கும் ஒப்பனைக்கும் சரியாக இருக்கும்.

படி 11: கையில் வாங்கும் நாள்

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஷவர், பேசின், ஃப்ளஷ் மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு எல்லா வடிகாலும் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரத்தில் ஊற்றுங்கள், அது எந்தப் பக்கம் போகிறது என்பது எனக்குத் தனிப்பட்ட விஷயம். ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். டிஷ்யூ தாளை மறுபடியும் ஃபேனில் வையுங்கள். பேசினுக்கு அடியில் எல்லா இணைப்புகளையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் விரலுக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துத் தாளையும் பேனாவையும் மறுபடி தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டே வரிகள் வந்தன. ஒன்று, துண்டு மாட்டும் கொக்கி ஷவரிலிருந்து எட்டவில்லை. இன்னொன்று குழந்தையின் கையெழுத்தில், கண்ணாடியில் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று. முதலாவதற்குத் துளை போட வேண்டியிருந்தது, சுவரில் குழாய் எங்கே போகிறது என்று போனில் படம் பார்த்துவிட்டுப் போட்டோம். இரண்டாவதற்கு ஒரு முக்காலி.

மிச்சமான டைல்ஸில் ஒரு பெட்டியை அதன் தொகுதி எண் தெரியும்படி எடுத்து வைத்துவிடுங்கள், அதே மாதிரியைப் பின்னால் வாங்கினாலும் நிறம் ஒத்துவராது. அடைப்பு வால்வு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கையால் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.